தரகர் இல்லாமல் வீட்டை விற்க: பத்திரக் கட்டிலிருந்து சாவிக் கொத்து வரை

தரகர் கமிஷன் நாட்டுக்கு நாடு மாறும். விற்கும் விலையில் 1 சதவீதத்தில் தொடங்கி சில இடங்களில் 5, 6 சதவீதம் வரை போகும். அந்தத் தொகையை மிச்சம் பிடிக்கத்தான் பெரும்பாலானவர்கள் நேரடி விற்பனையில் இறங்குகிறார்கள். வாங்க வருகிறவரும் அதே கணக்கோடுதான் வருவார். "நடுவுல ஆள் இல்லையே சார், அந்தக் காசைக் குறைச்சுக்கங்க" என்பதை முதல் சந்திப்பிலேயே கேட்பீர்கள். ஒரே கமிஷனை இரண்டு பேரும் முழுதாக மிச்சம் பிடிக்க வழியில்லை. அதில் எவ்வளவை விட்டுக்கொடுக்கலாம் என்பதை விளம்பரம் போடும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். பாதியை விட்டால்கூட உங்களுக்கு லாபம்தான்.

ஆள் பிடித்துத் தருவது தரகர் வேலையில் சின்னப் பகுதி. இன்று விளம்பரத் தளங்களே அதைச் செய்துவிடுகின்றன. அவர் வாங்கும் காசுக்குப் பெரிதாகச் செய்வது நடுவில் நிற்பது. உங்கள் அவசரம் எதிராளிக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வார். எதிராளி சொன்ன சுருக்கென்ற வார்த்தை உங்கள் காதுக்கு வராமல் வடிகட்டுவார். தரகர் இல்லாதபோது அந்த இடத்தில் எழுத்தை வைக்க வேண்டும். விலைக்கான காரணம், பழுதுகளின் பட்டியல், பேசி முடித்த நிபந்தனைகள் எல்லாம் தாளில் இருக்கட்டும். நேரடி விற்பனையில் பணத்தை இழப்பவர்கள் பெரும்பாலும் வாயால் இழக்கிறார்கள்.

எல்லா வீட்டுக்கும் இந்த வழி ஒத்துவராது. நீங்கள் வேறு நாட்டில் இருந்துகொண்டு வீட்டைக் காட்ட ஆளில்லை என்றால் தரகரே மேல். பங்காளிகளுக்குள் இன்னும் பேச்சு முடியவில்லை, காலி செய்ய மறுக்கும் வாடகைக்காரர் உள்ளே இருக்கிறார், ஒரு மாதத்துக்குள் பணம் கைக்கு வந்தாக வேண்டும் என்ற நிலைகளிலும் அப்படித்தான்.

முதலில் காகிதம்

விளம்பரத்துக்கு முன் மூன்று, நான்கு வாரங்களை இதற்கு ஒதுக்குங்கள். வாங்குபவர் கிடைத்த பிறகு பத்திரம் தேடுவதால்தான் நிறைய விற்பனைகள் ஆறிப்போகின்றன. ஆர்வத்தோடு வந்தவருக்கு இரண்டு வாரம் காகிதம் காட்டவில்லை என்றால், வீட்டில் ஏதோ சிக்கல் என்று அவரே முடிவு கட்டிவிடுவார்.

உங்கள் பெயரில் உள்ள பத்திரம், அதற்கு முந்தைய பத்திரங்கள், நிலப் பதிவேட்டு நகல், அனுமதி பெற்ற கட்டட வரைபடம், கட்டி முடித்ததற்கான சான்று, சொத்து வரி ரசீது, தண்ணீர் மின்சாரக் கணக்கு, அடுக்குமாடி என்றால் சங்கத்தின் நிலுவை இல்லாச் சான்று ஆகியவற்றை ஒரே கோப்பில் சேருங்கள். சொத்தின் மீது அடமானமோ வழக்கோ பதிவாகி இருக்கிறதா என்று பதிவேட்டில் நீங்களே ஒருமுறை தேடிப் பாருங்கள். பல ஆண்டுகளுக்கு முன்பே கட்டி முடித்த கடன் பதிவேட்டில் நீக்கப்படாமல் கிடப்பது சர்வசாதாரணம். வங்கி கொடுத்த கடிதம் பீரோவில் இருக்கும், பதிவேட்டில் அடமானம் அப்படியே நிற்கும்.

பிறகு எழுத்து எழுத்தாகப் படியுங்கள். பத்திரத்தில் ஒரு முன்னெழுத்து, அடையாள அட்டையில் வேறு முன்னெழுத்து. பத்திரத்தில் ஒரு பரப்பளவு, வரி ரசீதில் வேறு பரப்பளவு. வாங்குபவருக்குக் கடன் தரும் வங்கியின் வழக்கறிஞர் கண்ணில் முதலில் படுவது இவைதான். திருத்தப் பல வாரம் ஆகலாம் என்பதால் இப்போதே மனு கொடுங்கள். கூட்டு உரிமையாளர்கள் இருந்தால் அத்தனை பேரும் கையெழுத்திட வேண்டும். ஒருவர் இறந்திருந்தால் அவருடைய வாரிசுகள் எல்லோருடைய சம்மதமும் வேண்டும். "தம்பி ஒண்ணும் சொல்ல மாட்டான்" என்பதை நம்பி அட்வான்ஸ் வாங்கக் கூடாது. அவரும் கையெழுத்திட வருவார் என்று உறுதியான பிறகு வாங்கலாம்.

வரைபடத்தில் இல்லாத மொட்டைமாடி அறை, மூடிய பால்கனி, எல்லையைத் தாண்டிய படிக்கட்டு ஏதாவது இருந்தால் மறைக்காதீர்கள். முறைப்படுத்த வழி உண்டா என்று கட்டடப் பொறியாளரிடம் கேளுங்கள். வழி இல்லையென்றால் அந்தப் பகுதியைப் பரப்பளவில் சேர்க்காமல், "அனுமதி இல்லாதது" என்று எழுதியே விற்கலாம். வங்கி மதிப்பீட்டாளர் கையில் வரைபடத்தோடு வந்து நிற்கும்போது அது எப்படியும் வெளியே வரும்.

நகல் கொடுக்கும்போது குறுக்காக "பார்வைக்கு மட்டும்" என்று எழுதித் தேதியும் வாங்குபவர் பெயரும் போடுங்கள். அசல் பத்திரத்தை "பேங்க்ல காட்டிட்டு சாயங்காலம் தர்றேன்" என்று யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. பார்க்க வேண்டுமென்றால் நீங்கள் கூடப் போய்க் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டு வாருங்கள்.

வாங்குபவரிடம் சொல்லியே ஆக வேண்டிய விவரங்கள் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் 1978-க்கு முன் கட்டிய வீடு என்றால் ஈயப் பெயிண்ட் பற்றித் தெரிந்ததை எழுதிக் கொடுக்க வேண்டும். இங்கிலாந்தில் வீட்டின் எரிசக்திச் செலவைத் தரப்படுத்தும் சான்று இல்லாமல் விற்பனைக்கு விடக் கூடாது. ஒருமுறை வாங்கினால் 10 ஆண்டு செல்லும். அங்கே விலையை ஒப்புக்கொண்டாலும் கையெழுத்திட்ட ஒப்பந்தத் தாள்களைப் பரிமாறிக்கொள்ளும் வரை இரு தரப்பும் விலகலாம். சிங்கப்பூரின் அரசு அடுக்குமாடி வீடுகளில் ஒருவருக்கு ஆப்ஷன், அதாவது பேசிய விலைக்கு வாங்கும் உரிமை, எழுதிக் கொடுத்தால் 21 நாள் வேறு யாருக்கும் அதைத் தர முடியாது. வீடு எங்கே இருக்கிறதோ அங்கே பழகிய வழக்கறிஞரிடம் விளம்பரத்துக்கு முன்பே ஒரு மணி நேரம் உட்காருங்கள். கமிஷனோடு பார்த்தால் அவர் கட்டணம் சிறிது. வரி ஆலோசகரையும் அப்போதே கேட்டுவிடுங்கள். பல நாடுகளில் வாங்கிய செலவும் பெரிய கட்டுமான வேலைகளுக்கான ரசீதுகளும் விற்பனை லாப வரியைக் குறைக்கும். பில்லைத் தூக்கிப் போட்டவர்களுக்கு அந்தச் சலுகை போச்சு.

விலை

நீங்கள் சமையலறைக்குச் செலவழித்ததற்கும் விலைக்கும் நேர்த் தொடர்பு கிடையாது. உங்களுக்குத் தேவைப்படும் தொகைக்கும் கிடையாது. பக்கத்தில் கடந்த 6 மாதத்தில் கைமாறிய 5, 6 வீடுகள்தான் விலையைச் சொல்லும். விளம்பரத்தில் கேட்ட விலை கணக்கில் வராது. முடிந்த விலை வேண்டும். பதிவுத்துறைப் பதிவேடு, அண்டை வீட்டார், சங்கச் செயலாளர், கடன் அதிகாரி எனப் பல வழிகளில் விசாரியுங்கள். பதிவேட்டு விலை குறைத்துக் காட்டப்பட்டிருக்கக் கூடிய இடங்களில் அதை மட்டும் நம்ப வேண்டாம். கிடைத்த ஒவ்வொன்றையும் சதுர அடி விலையாக மாற்றி, மாடி, வயது, கார் நிறுத்துமிடம், திசை, சாலை அகலம் ஆகிய வித்தியாசங்களுக்குக் கூட்டிக் கழியுங்கள். சந்தேகம் இருந்தால் அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளருக்குக் கட்டணம் கட்டி எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். பேரத்தின்போது மேசையில் வைக்க அது உதவும்.

மூன்று எண்கள் வேண்டும்: கேட்கும் விலை, எதிர்பார்க்கும் விலை, அதற்குக் கீழே எழுந்துபோய்விடும் விலை. கேட்கும் விலை 100 என்றால் எதிர்பார்ப்பு 95, அடிமட்டம் 92 என்று வைத்துக்கொள்ளலாம். அடிமட்டத்தை ஒரு தாளில் எழுதி, வீட்டில் கையெழுத்துப் போடும் எல்லோரும் பார்த்து ஒப்புக்கொள்ளட்டும். கணவர் ஒரு எண்ணும் மனைவி ஒரு எண்ணும் சொல்லும் வீட்டில் வாங்குபவர் குறைந்த எண்ணைப் பிடித்துக்கொள்வார்.

விளம்பரத் தளங்களில் தேடுபவர்கள் வட்டமான எண்களில் வரம்பு வைக்கிறார்கள். உங்கள் விலை 101 என்றால் 100 வரை தேடுபவர் யாருக்கும் வீடு தெரியாது. சரியாக 100 என்று போட்டால் 100 வரை தேடுபவருக்கும் 100-க்கு மேல் தேடுபவருக்கும் தெரியும்.

அதிகமாகக் கேட்டுப் பார்ப்போம், பிறகு குறைக்கலாம் என்பது நேரடி விற்பனையின் மிகப் பழைய தவறு. புதிய விளம்பரத்தை அதிகம் பேர் பார்ப்பது முதல் இரண்டு, மூன்று வாரத்தில்தான். நான்கு மாதம் கிடந்து மூன்று முறை விலை குறைந்த வீட்டைப் பார்க்கிறவர் "இன்னும் குறையும்" என்று காத்திருப்பார்.

வீட்டைத் தயார் செய்தல்

கசியும் குழாய், எரியாத விளக்கு, உரசும் கதவு, தளர்ந்த கைப்பிடி, உடைந்த சுவிட்சுப் பலகை இவற்றைச் சரிசெய்யுங்கள். இதற்கு மேல் பெரிய செலவு பெரும்பாலும் திரும்பி வராது. புது மாடுலர் கிச்சன் போட்டு விற்பதைவிட அந்தத் தொகையை விலையில் விட்டுக்கொடுப்பது மலிவு. வாங்குபவர் எப்படியும் தன் ரசனைக்கு மாற்றுவார்.

சுவர் ஈரத்தின் மேல் பெயிண்ட் அடிப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். காரணம் உள்ளே இருக்கிறது: கசியும் குழாய், மொட்டைமாடி விரிசல், தரையிலிருந்து ஏறும் ஈரம். தண்ணீர் ஆவியாகும்போது கரைந்த உப்பைச் சுவர் முகத்துக்குத் தள்ளும், சில வாரத்தில் பெயிண்ட் கொப்பளித்து வெள்ளைப் பொடியாக உதிரும். பழுத்த ஆள் வீடு பார்க்க வந்தால் நான்கு சுவரில் ஒன்று மட்டும் பளிச்சென்று இருப்பதைக் கண்டு, உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். முதலில் கசிவை அடைத்துவிடுங்கள், பிளாஸ்டரைக் காயவிடுங்கள், பிறகு அந்த அறை முழுக்க அடியுங்கள். நேரமில்லையென்றால் ஈரத்தை அப்படியே விட்டு, காரணத்தையும் சரிசெய்ய ஆகும் செலவுக்கான மதிப்பீட்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

தெரிந்த பழுதுகளை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். "மேற்குப் படுக்கையறைக் குளியலறையில் நீர் மெதுவாக வடிகிறது" என்பது போலக் குறிப்பாக. இரண்டாம் முறை வருபவரிடம் அதைக் கொடுங்கள். அவராகக் கண்டுபிடித்த பழுது விலையை எவ்வளவு குறைக்குமோ, நீங்கள் சொன்ன பழுது அவ்வளவு குறைக்காது. பின்னாளில் "மறைத்தார்கள்" என்று வழக்கு வந்தால் தேதியிட்ட அந்தத் தாள்தான் துணை.

அளவு, படம், விளம்பரம்

அளவை மனப்பாடமாகச் சொல்லாமல் டேப்பை எடுங்கள். 12-க்கு 10 என்று ஆண்டாண்டாகச் சொல்லி வந்த அறையைச் சுவருக்குச் சுவர் அளந்தால் 11 அடி 7 அங்குலம், 9 அடி 8 அங்குலம் என்று வரும். பூச்சுக் கனம் தின்றுவிட்டது. 120 சதுர அடி என்று நினைத்தது 112 ஆகிவிட்டது. நான்கு அறைக்கு இப்படிப் போனால் 30 சதுர அடி வித்தியாசம், சதுர அடி விலையால் பெருக்கினால் அது பேரத்தில் பெரிய ஆயுதம். உள்சுவர் அளவு, சுவர் கனம் சேர்ந்த அளவு, பொதுப் பகுதிப் பங்கும் சேர்ந்த அளவு என்று மூன்று வழக்கம் உண்டு. எதைச் சொல்கிறீர்கள் என்று விளம்பரத்திலேயே குறிப்பிடுங்கள். சதுர மீட்டரில் கேட்பவருக்கு 1 சதுர மீட்டர் 10.764 சதுர அடி.

படம் எடுக்கக் கைப்பேசி போதும். கேமராவை நெஞ்சு உயரத்தில், ஏறக்குறைய 1.2 மீட்டரில், நேராகப் பிடியுங்கள். மேலே சாய்த்தால் சுவர்கள் விழுவது போல் தெரியும். அறை மூலையிலிருந்தோ வாசல்படியிலிருந்தோ, கிடைவாக்கில். மிக அகலமாகக் காட்டும் லென்ஸைப் போடாதீர்கள். படத்தில் மண்டபம் போல் பார்த்துவிட்டு நேரில் வருபவர் முதல் அடியிலேயே ஏமாந்துபோவார், அந்த முகத்தோடு மீதி வீட்டைப் பார்ப்பார். 15 முதல் 20 படம், அத்துடன் அளவு குறித்த தரைப்படம் ஒன்று. கழிவறை மூடி மூடியிருக்கட்டும். மேசையில் மருந்து, சுவரில் குடும்பப் படம், ஆணியில் தொங்கும் சாவி, கார் எண் எதுவும் படத்தில் வேண்டாம். சாவியைப் படத்திலிருந்தே நகல் எடுக்க முடியும். பதிவேற்றும் முன் படத்தில் உள்ள இருப்பிடத் தகவலை நீக்கிவிட்டு, மங்கலாக உங்கள் பெயரைப் பொறியுங்கள். உங்கள் படங்களைத் திருடி அதே வீட்டை வாடகைக்கு என்று போட்டு அட்வான்ஸ் வாங்கும் கும்பல்கள் உண்டு.

விளம்பர வாசகத்தில் "அருமையான", "அற்புதமான" எல்லாம் வெற்று இடம். இப்படி இருக்கலாம்:

"உரிமையாளர் நேரடி விற்பனை. 2 படுக்கையறை, 2 குளியலறை, மூன்று மாடிக் கட்டடத்தில் முதல் மாடி, கிழக்கு வாசல். உள்சுவர் அளவு 780 சதுர அடி. கட்டி 11 ஆண்டு. மூடிய கார் நிறுத்துமிடம் ஒன்று. லிஃப்ட் இல்லை. வங்கிக் கடன் பாக்கி உண்டு, அசல் பத்திரம் வங்கியில். ஆவண நகல் நேரில் பார்க்கலாம். காட்டும் நேரம் சனி, ஞாயிறு காலை 10 முதல் 1 வரை, முன்பதிவுடன்."

"லிஃப்ட் இல்லை" என்று எழுதினால் அழைப்பு குறையும்தான். குறைவது எல்லாம் வந்து பார்த்துவிட்டு "லிஃப்ட் இல்லையா?" என்று திரும்பிப் போகப் போகிறவர்கள்.

இதற்கென்று தனி எண் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வீடு விற்ற பிறகும் ஆறு மாதம் அழைப்பு வரும். முதலில் வரும் அழைப்புகளில் பாதி தரகர்களுடையதாக இருக்கும், "கையில பார்ட்டி ரெடியா இருக்கு" என்று. வாங்குபவரிடமே கமிஷன் வாங்கிக்கொள்வதாக எழுதித் தந்தால் அழைத்து வரலாம் என்று ஒரே பதில் சொல்லுங்கள். பெரும்பாலோர் திரும்ப அழைப்பதில்லை.

அழைப்புகளும் பார்வையாளர்களும்

ஒரு நோட்டில் தேதி, பெயர், எண், கேட்டது, சொன்னது என்று கோடு போட்டு எழுதுங்கள். போனிலேயே நான்கு விஷயம் கேட்டுவிடலாம். குடியிருக்கவா, முதலீட்டுக்கா? பணம் கையில் இருக்கிறதா, கடனா, கடன் என்றால் வங்கி முன் ஒப்புதல் கொடுத்துவிட்டதா? தன் வீட்டை விற்றுத்தான் வாங்க வேண்டுமா? முடிவு எடுக்கப்போவது யார்? நான்காவது கேள்வி முக்கியம். மாமனார் பார்த்துச் சரி சொல்ல வேண்டும் என்றால் முதல் பார்வைக்கே அவரையும் வரச் சொல்லுங்கள்.

போனில் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும்:

"சார், விளம்பரம் பார்த்தேன். கடைசி விலை என்ன?"

"விளம்பரத்தில் இருக்கிற விலைதாங்க."

"அது எல்லாரும் போடுறது. கடைசியா எவ்வளவு?"

"முதல்ல வந்து வீட்டைப் பாருங்க. பிடிச்சிருந்தா நீங்க எவ்வளவு, எத்தனை நாள்ல முடிப்பீங்கன்னு எழுதி அனுப்புங்க. அப்புறம் பேசுவோம்."

இதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். பார்க்காத வீட்டுக்கு விலை குறைத்தால், பார்த்த பிறகு அங்கிருந்து இன்னொரு முறை குறைக்கச் சொல்வார்.

பார்க்காமலேயே வாங்கச் சம்மதிப்பவர், வெளியூரில் பணியில் இருப்பதாகச் சொல்லி அட்வான்ஸ் அனுப்ப ஒரு க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யச் சொல்பவர், தவறுதலாக அதிகம் அனுப்பிவிட்டேன் மீதியைத் திருப்பு என்பவர், இவர்கள் எல்லாம் மோசடிக்காரர்கள். பணம் பெறுவதற்கு ஸ்கேனும் ரகசிய எண்ணும் தேவையில்லை. காசோலை கணக்கில் ஏறியது போல் தெரிந்தாலும் சில நாள் கழித்துத் திரும்பலாம்.

வீட்டைக் காட்டும்போது பெரியவர்கள் இரண்டு பேர் இருங்கள். வருபவர் பெயரையும் எண்ணையும் முன்கூட்டியே வாங்கி வீட்டில் இல்லாத ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். நகை, கடவுச்சீட்டு, மடிக்கணினி, மாத்திரைகள் பூட்டில் இருக்கட்டும். 20 நிமிட இடைவெளியில் அடுத்தடுத்து வரச் சொன்னால் உங்கள் நாளும் மிச்சம், வாசலில் இன்னொரு குடும்பத்தைப் பார்த்தவர் யோசிக்கும் வேகமும் கூடும். அரை மணி முன்பே ஜன்னலைத் திறந்து, தொட்டியை நிரப்பி வையுங்கள். எல்லாக் குழாயையும் ஒன்றாகத் திறந்து பார்ப்பவர் வருவார், வரட்டும்.

அறைக்குள் அவர் முதலில் போகட்டும், நீங்கள் பின்னால். "இது சமையலறை" என்று சொல்ல வேண்டியதில்லை, அவருக்கே தெரியும். கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள், கேட்காததை நிரப்பாதீர்கள். ஏன் விற்கிறீர்கள் என்று கட்டாயம் கேட்பார். உண்மையான, சுருக்கமான பதிலைத் தயாராக வையுங்கள்: "பெரிய வீடு வேணும்." "அடுத்த மாசம் அட்மிஷன் பீஸ் கட்டணும்" என்று சேர்த்துச் சொன்னால் அந்த ஒரு வரிக்கு உங்கள் விலையில் சில சதவீதம் போகும். டேப் எடுத்து அளப்பதும், பீரோ எங்கே போடலாம் என்று தங்களுக்குள் பேசிக்கொள்வதும், இரண்டாம் முறை பெரியவர்களை அழைத்து வருவதும் உண்மையான ஆர்வத்தின் அடையாளம். வீட்டை வாய்நிறையப் புகழ்ந்துவிட்டுப் போனவர் பெரும்பாலும் திரும்ப வருவதில்லை.

மூன்று வாரம் ஆகியும் நகரவில்லை என்றால் நோட்டைப் புரட்டுங்கள். அழைப்பே இல்லை என்றால் விலையோ முதல் படமோ தடுக்கிறது. அழைப்பு வருகிறது, நேரில் வருவதில்லை என்றால் விளம்பரத்தில் இல்லாத ஏதோ ஒன்றைப் போனில் கேட்டு நழுவுகிறார்கள். பார்க்கிறார்கள், விலை சொல்வதில்லை என்றால் வீட்டின் நிலை அந்த விலைக்குப் பொருந்தவில்லை. விலை சொன்ன நான்கு பேரும் 90-ஐச் சுற்றியே சொல்கிறார்கள் என்றால் சந்தை விலை அதுதான். உங்கள் 100-ஐ மறந்துவிடுங்கள்.

பேரம்

வீட்டுக்குள் நின்றுகொண்டு எண் பேசாதீர்கள். வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ விலை, அட்வான்ஸ், எத்தனை நாளில் முடிப்பது, கடன் உண்டா, எந்தப் பொருள்கள் சேர்த்து என்ற ஐந்தும் வரட்டும். வெறும் எண் மட்டும் வந்தால் மற்ற நான்கையும் கேட்டு வாங்குங்கள். பதிலை மறுநாள் சொல்லுங்கள்.

குறைக்கும்போது ஒவ்வொரு முறையும் முந்தையதில் பாதி. 100-லிருந்து 98, பிறகு 97, பிறகு 96.5. அடி நெருங்குகிறது என்று எண்களே சொல்லிவிடும். 98, 96, 94 என்று சீராக இறங்கினால் அடுத்தது 92 என்று அவரே கணக்குப் போடுவார். சும்மாவும் இறங்க வேண்டாம். அட்வான்ஸைக் கூட்டச் சொல்லுங்கள், அல்லது நாளைக் குறைக்கச் சொல்லுங்கள்.

பெரிய எண்ணே நல்ல எண் என்று இல்லை. ஒருவர் 97, கைப்பணம், 30 நாளில் முடிப்பார். இன்னொருவர் 99, கடன், தன் வீட்டையும் விற்க வேண்டும், 90 நாள். உங்களுக்கு 9 சதவீத வட்டியில் 50 கடன் பாக்கி இருந்தால் கூடுதல் இரண்டு மாதத்துக்கு வட்டி 0.75 போகும். சங்கக் கட்டணமும் வரியும் தனி. மிஞ்சுவது ஒன்றேகால்கூட இல்லை. அதற்காக, அவர் வீடு விற்காமல் எல்லாம் கலைந்துபோகும் அபாயத்தைத் தலையில் ஏற்றிக்கொள்வதா என்பதுதான் கேள்வி.

"பத்திரத்துல கொஞ்சம் குறைச்சுக் காட்டிட்டு மீதியைக் கையில தர்றேன்" என்பவரிடம் முடியாது என்று சொல்லிவிடுங்கள். வரி ஏய்ப்புக்கு இருவரும் பொறுப்பு. கையில் தருவதாகச் சொன்னது கடைசி நாளில் வராவிட்டால் கேட்க உங்களிடம் தாளும் இருக்காது.

ஏசி, மின்விசிறி, வாட்டர் ஹீட்டர், இன்வெர்ட்டர், திரைச்சீலைக் கம்பி, கழற்றக்கூடிய அலமாரி: எது வீட்டோடு போகும், எது உங்களோடு வரும் என்று உருப்படி உருப்படியாக எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். வீட்டு விலையில் மூன்று மாதம் பேசி ஒத்துப்போனவர்கள் ஒரு ஹீட்டருக்காகக் கடைசி நாளில் முகம் திருப்பிக்கொள்வது உண்டு.

ஒப்பந்தம் முதல் சாவி வரை

அட்வான்ஸ் ஒப்பந்தத்தோடு வர வேண்டும், அதற்கு முன் இல்லை. பல இடங்களில் 10 சதவீதம் வழக்கம். இருவருக்கும் ஒரே வழக்கறிஞர் வேண்டாம், சண்டை வந்தால் அவர் யாருக்கும் உதவ மாட்டார். ஒப்பந்தத்தில் சொத்து விவரம், விலை, தவணைத் தேதிகள், தாமதித்தால் என்ன, வாங்குபவருக்குக் கடன் கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் எவ்வளவு திரும்பும், வரியும் கட்டணமும் எந்தத் தேதி வரை உங்களுடையது, சாவி என்று என்பவை இருக்கட்டும். பழுதுப் பட்டியலையும் பொருள் பட்டியலையும் இணைப்பாகச் சேருங்கள். கடன் மறுப்பு பற்றிய வரி இல்லாத ஒப்பந்தங்கள்தான் அதிகம் தகராறாகின்றன. அட்வான்ஸ் உங்கள் கணக்கில் உறுதியாக ஏறும் வரை விளம்பரத்தை எடுக்காதீர்கள்.

உங்கள் வீட்டின் மீது கடன் இருந்தால் வங்கியிடம் நிலுவைக் கடிதம் கேளுங்கள். அந்தத் தொகை குறிப்பிட்ட தேதி வரைதான் செல்லும், தாண்டினால் வட்டி கூடும். வழக்கமான வரிசை இது: வாங்குபவரின் வங்கி உங்கள் வங்கிக்கு நிலுவையை நேராகக் கட்டும், மீதி உங்களுக்கு வரும், பிறகு அசல் பத்திரம் வெளியே வரும், அடமானம் பதிவேட்டில் நீங்கும். பத்திரம் கிளையில் இல்லாமல் வேறு ஊர்க் காப்பகத்தில் இருக்கலாம். எத்தனை நாளாகும் என்று முன்பே கேட்டு அதற்கேற்ப ஒப்பந்தத் தேதியை வையுங்கள்.

வாங்குபவரின் வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் சில நேரம் பேசிய விலையைவிடக் குறைத்து எழுதுவார். அவர் வரும் நாளில் நீங்கள் திரட்டிய 5, 6 விற்பனைகளின் விவரம், வரைபட நகல், சமீபத்திய பெரிய வேலைகளின் ரசீது மூன்றையும் கையில் கொடுங்கள். அவருக்கும் தேடும் வேலை மிச்சம், நியாயமான எண்ணை எழுத ஆதாரமும் கிடைக்கும்.

கையெழுத்துப் போடும் நாளில் ஒரே விதி: பணம் வந்த பிறகு பேனா. வந்துவிட்டது என்று காட்டும் ஸ்கிரீன்ஷாட்டையும் குறுஞ்செய்தியையும் நம்பாமல், உங்கள் கணக்கை நீங்களே திறந்து பாருங்கள். வங்கி வரைவோலை என்றால் அது எந்தக் கிளையில் எடுத்ததோ அந்தக் கிளையின் எண்ணை நீங்களாகத் தேடி அழைத்து உறுதி செய்யுங்கள். பெரிய தொகை பரிமாற்றத்துக்குத் தினசரி வரம்பு உண்டு. வாங்குபவர் வரம்பை முன்பே உயர்த்திவிட்டாரா என்று இரண்டு நாள் முன் கேளுங்கள், விடுமுறை நாளையும் பாருங்கள். கணக்கு எண் மாறிவிட்டதாக வழக்கறிஞர் பெயரில் கடைசி நேரத்தில் மின்னஞ்சல் வந்தால் அது அநேகமாக ஊடுருவிய திருடன் எழுதியது. உங்கள் கணக்கு எண்ணை நேரில் எழுதிக் கொடுத்து, "இது மாறாது, மாறினால் நேரில் சொல்வேன்" என்று முதல் நாளே சொல்லிவைப்பது நல்லது.

சாவி கொடுக்கும்போது மின்சார, தண்ணீர் மீட்டர்களைத் தேதி தெரியும்படி இருவரும் நின்று படம் எடுங்கள். சாவிகளை எண்ணி ரசீது வாங்குங்கள். வீட்டுக் காப்பீட்டை, பதிவு முடிந்து சாவி கைமாறிய பின்னரே நிறுத்துங்கள். இடையில் ஒரு தீயோ வெள்ளமோ வந்தால் பாரம் உங்கள் தலையில். மின் இணைப்பு, வரி, சங்கப் பதிவு எல்லாவற்றிலும் பெயர் மாறிவிட்டதா என்று ஒரு மாதம் கழித்து விசாரியுங்கள். டிஜிட்டல் பூட்டு, வாசல் கேமரா, வைஃபை ஆகியவற்றைப் புதிதாக வாங்கியபோது இருந்த நிலைக்குத் திருப்பி (ஃபேக்டரி ரீசெட்), உங்கள் கைப்பேசிச் செயலியிலிருந்து அந்த வீட்டை நீக்குங்கள். அடுத்தவர் வாசலை உங்கள் கைப்பேசி இன்னும் காட்டிக்கொண்டிருந்தால், அதற்கும் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.